பழைய போர்ஷே 944: ஹஸார்ட் எரிகிறது, இண்டிகேட்டர் மட்டும் எரிவதில்லை. வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டுமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். 1980களின் 944. இண்டிகேட்டர் சில நாள் வருகிறது, சில நாள் இரண்டு பக்கமும் செத்துக் கிடக்கிறது. ஹஸார்ட் பட்டனை (நான்கு விளக்கும் ஒன்றாக மின்னும் அவசர பட்டன்) அமுக்கினால் மட்டும் விளக்குகள் சமர்த்தாக மின்னுகின்றன. இண்டிகேட்டர் வருகிற நாட்களிலும் இடது பக்கம் படபடவென்று இரட்டை வேகத்தில் அடிக்கிறது. மெக்கானிக் வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்.

மாற்ற வேண்டாம். குறைந்தபட்சம் இந்த வாரம் வேண்டாம்.

நான் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறேன். மெக்கானிக் இல்லை. மாமா தன் 1984 மாடல் 944-ஐ என் பெயருக்கு மாற்றித் தர ஒப்புக்கொண்டதுதான் நான் இதில் மாட்டிக்கொண்ட கதை. தென்னாப்பிரிக்காவில் வண்டி கை மாறினால் ரோட்வொர்த்தி சோதனையில், அதாவது சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் சோதனையில் தேற வேண்டும், அந்தச் சான்றிதழும் 60 நாள்தான் செல்லும். இண்டிகேட்டர் எரியாத வண்டி அங்கே வாசலோடு திரும்ப வேண்டியதுதான். நானும் திரும்பினேன். ஹிக்கின்சன் ஹைவேயில் கையை வெளியே நீட்டிக் காட்டிக்கொண்டே ஓட்டி வந்தேன். பின்னால் வந்த மினிபஸ் டாக்சிக்காரர் நான் அவருக்கு வணக்கம் சொல்வதாக நினைத்துப் பதிலுக்குக் கையசைத்தார்.

உங்கள் வண்டியின் குணமும் என் வண்டியின் குணமும் ஏறக்குறைய ஒன்று. என்னுடையதில் இருந்தவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். அவை சேர்ந்து வந்ததால் வயரிங்கே போய்விட்டது போல வேஷம் போட்டன.

முதலாவது, இரண்டு பக்கமும் சாவது. ஹஸார்டும் இண்டிகேட்டரும் ஒரே ரிலேயை (விளக்கை விட்டுவிட்டு எரிய வைக்கும் சிறு பெட்டி), அதே பல்புகளை, பல்புக்குப் போகும் அதே வயர்களைத்தான் பயன்படுத்துகின்றன. ஆகவே ஹஸார்ட் மின்னுகிறது என்றாலே ரிலே நல்லது. புது ரிலே வாங்க வேண்டாம். (நான் வாங்கினேன். அதற்கு முன் தம்பியின் ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃபிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டும் பார்த்தேன், கால்களின் எண்களும் இடங்களும் ஒத்துப்போயின. 944 ஜெர்மனியின் நெக்கார்சுல்மில் ஔடி தொழிற்சாலையில் செய்யப்பட்ட வண்டி, உள்ளே ஃபோக்ஸ்வாகன் சாமான்கள் நிறைய. சிட்டி கோல்ஃப் இங்கேயே யூட்டன்ஹேகில் 2009 வரை செய்த கார் என்பதால் எந்த ஸ்க்ராப்யார்டிலும் கிடக்கும். இரண்டு ரிலேயைப் போட்டுப் பார்த்தும் கோளாறில் எந்த மாற்றமும் இல்லை.)

பிறகு எது? ஹஸார்ட் சுவிட்ச். கேட்டால் நம்ப முடியாது, ஏனென்றால் ஹஸார்ட்தான் ஒழுங்காக வேலை செய்கிறதே. ஆனால் அந்தக் காலத்து ஜெர்மன் கார்களில் ஓர் ஏற்பாடு உண்டு. சாவியைத் திருப்பினால் வரும் மின்சாரம் நேரே ரிலேக்குப் போவதில்லை. ஹஸார்ட் சுவிட்சுக்குள் நுழைந்து, பட்டன் அமுக்காத நிலையில் மூடியிருக்கும் ஒரு கான்டாக்ட் (ஒன்றையொன்று தொடும் உலோக முனைகள்) வழியாக வந்துதான் ரிலேயை அடைகிறது. பட்டனை அமுக்கினால் அந்த வழி திறந்துபோய், பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் மின்சாரம் வேறொரு கான்டாக்ட் வழியாக அதே ரிலேக்குப் போகும். முதல் கான்டாக்ட் வருடக்கணக்கில் அசையாமல், தினசரி இண்டிகேட்டர் மின்சாரம் முழுவதையும் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. கடற்கரை ஊர்க் காற்றில் அது கறுத்துப் போகாமல் என்ன செய்யும்?

சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை. ஹஸார்ட் பட்டனை இருபது முப்பது முறை அமுக்கி எடுங்கள். உரசலில் அழுக்கு கொஞ்சம் விலகும். உடனே இண்டிகேட்டர் உயிர் பெற்றால் குற்றவாளி கிடைத்தாயிற்று. எனக்கு இரண்டு நாள் நன்றாக வந்தது, மூன்றாம் நாள் ஒரு ரோபோவில் நிற்கும்போது மறுபடி செத்தது. (டிராஃபிக் சிக்னலை இங்கே எல்லோரும் ரோபோ என்றுதான் சொல்வோம்.)

நிச்சயப்படுத்திக்கொள்ள ரிலேயைப் பிடுங்கி அதன் சாக்கெட்டைப் பாருங்கள். ஜெர்மன்காரர்கள் முனைகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள், எந்த ஜெர்மன் வண்டியிலும் அதே எண்கள்: 15 சாவி போட்டால் வருவது, 30 பேட்டரியிலிருந்து நேரே வருவது, 31 எர்த், 49 ரிலேக்குள் போவது, 49ஏ ரிலேயிலிருந்து விட்டுவிட்டு வெளியே வருவது. சாவியைப் போட்டு 49-க்கும் 31-க்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பைப் பிடியுங்கள். எரியவில்லை, ஆனால் ஹஸார்டை அமுக்கியதும் எரிகிறது என்றால், இண்டிகேட்டர் ஃபியூஸ் அல்லது ஹஸார்ட் சுவிட்ச், இரண்டில் ஒன்று. ஃபியூஸைக் கண்ணால் பார்த்துவிட்டு நல்லது என்று விடாதீர்கள். பிடுங்கி, கால்களைத் துடைத்து, திரும்பப் போடுங்கள்.

பல்பு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மல்டிமீட்டரை மட்டும் நம்பி நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தேன். மீட்டர் இழுப்பது துளி மின்சாரம். கறுத்துப்போன கான்டாக்ட் வழியாகவும் அது 12 வோல்ட் என்றே காட்டும். குழாயைத் திறக்காதவரை அடைப்பு தெரியாது, அது போலத்தான். ஒரு பக்கத்து இரண்டு 21 வாட் பல்புகளும் சேர்ந்து மூன்றரை ஆம்பியர் இழுக்கும். அப்போதுதான் அடைப்பின் லட்சணம் தெரியும்.

49-இல் மின்சாரம் நன்றாக இருந்தால் 49-ஐயும் 49ஏ-யையும் ஒரு சிறு வயரால் இணைத்து, இண்டிகேட்டர் லீவரைத் தள்ளுங்கள். அந்தப் பக்க விளக்குகள் மின்னாமல் நிலையாக எரிய வேண்டும். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியாவிட்டால் லீவருக்குள் இருக்கும் கான்டாக்ட். அதற்கு ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். நாற்பது வயது பிளாஸ்டிக் முறுக்கு மாதிரி உடையும், பொறுமை இல்லாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம். ஏர்பேக் உள்ள பிந்தைய மாடல் என்றால் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது இரண்டாவது கோளாறு, இடது பக்கத்து வேகம். வேகமாக மின்னுவது ரிலேயின் நோய் அல்ல, அது சொல்லும் புகார். எலக்ட்ரானிக் ரிலே தன் வழியாகப் போகும் மின்சாரத்தை அளக்கிறது. ஒரு பல்பு போய்விட்டால் மின்சாரம் பாதியாகும், உடனே வேகத்தை இரட்டிப்பாக்கி ஓட்டுநருக்குத் தகவல் சொல்கிறது. யாராவது 21 வாட்டுக்குப் பதில் 5 வாட் பல்பைச் சொருகியிருந்தாலும் இதே புகார்தான். எல்.இ.டி. போட்டிருந்தாலும் அப்படியே. எல்.இ.டி.யைக் கழற்றி வீசிவிட்டுப் பழைய பல்பைப் போட்ட பிறகு மற்றதைப் பேசலாம்.

ஹஸார்டைப் போட்டுவிட்டு இறங்கி வண்டியைச் சுற்றி நடங்கள். மூன்று விளக்கு பளிச்சென்று இருந்து நான்காவது மங்கினாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. என் வண்டியில் முன் இடது விளக்கு மங்கல். பம்பருக்குள் இருக்கும் விளக்கு, மழைத்தண்ணீர் நேராகப் போய் அங்கேதான் தங்கும். ஹோல்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு, கோயில் செம்புப் பாத்திரம் தோற்றது.

மாமா அதைப் பார்த்துவிட்டுப் புளியைக் கரைத்துக் கொண்டு வந்தார். குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு வேண்டாம். இடுக்கில் தங்கிவிட்ட புளிப்பு அடுத்த களிம்புக்கு விதை. மெல்லிய உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, முடிவில் ஒரு விரல்நுனி வாசலின், அது போதும். ஹோல்டரிலிருந்து பாடிக்குப் போகும் பழுப்பு வயரையும் விடாதீர்கள். ஜெர்மன் வண்டியில் பழுப்பு என்றால் எர்த். விளக்கு எரியும்போது மீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் உலோகத்திலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எனக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும்.

அப்புறம், நான் பட்ட ஒரு அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் முடித்த அன்று இரவு சாவியை எடுத்துவிட்டுப் பார்த்தால், இடது பக்கம் முன்னும் பின்னும் சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எங்கோ ஷார்ட் என்று முடிவு செய்து டாஷ்போர்டின் கீழ்ப்பலகையைக் கழற்றி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு படுத்துவிட்டேன். மாமா வந்து லீவரை நடுவுக்குத் தள்ளினார். அணைந்தது. "பார்க்கிங் லைட்டுப்பா. இருட்டுத் தெருவில் நிறுத்தினால் ரோட்டுப் பக்கம் மட்டும் எரியட்டும் என்று வைத்திருக்கிறார்கள்." டொயோட்டாவிலேயே ஓட்டக் கற்றவன் நான். அதில் இண்டிகேட்டர் லீவர் வலது கையில், இதில் இடது கையில். திரும்பும்போதெல்லாம் வைப்பரைப் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு இதுவும் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

கடைசியில் எனக்கு ஆன செலவு ஒரு பழைய ஹஸார்ட் சுவிட்ச், ஒரு பல்பு, ஒரு ஸ்ப்ரே டப்பா, தேவையே இல்லாத அந்தப் புது ரிலே. இரண்டாம் முறை சோதனையில் தேறிவிட்டது.

வயரிங் மாற்றச் சொன்னவரிடம் மறுபடி போனால், சாவி போட்ட நிலையில் ரிலே சாக்கெட்டின் 49-இல் பல்பு எரிகிறதா என்று மட்டும் கேளுங்கள். அவர் பார்க்கவே இல்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நீங்கள் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், எரிகிறதா இல்லையா என்று தெரிந்தால் அடுத்த படியைச் சொல்கிறேன்.