பதின்ம வயதுப் பிள்ளைகளும் இங்கிலீஷ் வாசிப்பும்: கேட்டவையும் சொன்னவையும்

அரசுப் பள்ளிகளில் 31 வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது கும்பகோணம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாரம் மூன்று சாயங்காலம், எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை உள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து இங்கிலீஷ் வாசிக்கிறேன். இலக்கணம் நடத்துவதில்லை, டெஸ்ட் வைப்பதில்லை. வாசிப்பு மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் தெருவில் கிடைப்பதை. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன், நிறைய வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

டீச்சர், என் பையன் ஒன்பதாவது. புத்தகத்தைக் கொடுத்தால் தடதடவென்று வாசிக்கிறான், நிறுத்தி என்ன அர்த்தம் என்றால் முழிக்கிறான். டியூஷனில் ரீடிங் நன்றாக வருகிறது என்கிறார்கள். யார் சொல்வது சரி? (ஓர் அம்மா, திருப்பூர்)

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் அம்மா. எழுத்தைச் சத்தமாக்கத் தெரிந்திருக்கிறது, அதோடு நிற்கிறது. தமிழில் எழுத்துக்கூட்டினால் சொல் வந்துவிடும், சொல் வந்தால் அர்த்தமும் கூடவே வந்துவிடும், ஏனென்றால் அது வீட்டில் பேசுகிற சொல். இங்கிலீஷில் சத்தம் வந்த பிறகும் அர்த்தம் வாசலிலேயே நிற்கும், உள்ளே கூப்பிட வேண்டும். அவனோ சத்தம் வந்ததும் வேலை முடிந்தது என்று பழகிவிட்டான். நாமும் அதற்குத்தானே 'வெரி குட்' போட்டோம். நானும் பல வருடம் போட்டிருக்கிறேன்.

ஒரு பக்கத்தை மனதுக்குள் வாசிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடந்தது என்று தமிழில் சொல்லட்டும். தமிழில்தான், இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் வரியை அப்படியே ஒப்பிப்பான். அப்புறம், விடை எந்த வரியிலும் நேராக இல்லாத ஒரு கேள்வி கேளுங்கள், 'அந்த ஆள் ஏன் திரும்பி வந்தான்' என்பது போல. பாடப்புத்தகக் கேள்வியில் 'வேர்' (where, எங்கே) என்று இருந்தால் ஊர்ப் பெயர் உள்ள வரியைத் தேடி எடுத்து எழுதிவிடுவார்கள், ஒன்றும் புரியாமலே முழு மார்க் விழும். வாய்விட்டு வாசிப்பதைக் கடைசியில் வையுங்கள், அர்த்தம் தெரிந்த பிறகு. எங்கே நிறுத்துகிறான் என்பதை வைத்தே புரிந்ததா இல்லையா என்று கண்டுபிடித்துவிடலாம்.

மகளுக்கு 15 வயது, இங்கிலீஷ் நாலாம் வகுப்பு அளவில்தான் இருக்கிறது. அந்த அளவுப் புத்தகம் கொடுத்தால் 'நான் என்ன பாப்பாவா' என்று தூக்கிப் போடுகிறாள். என்னதான் கொடுப்பது? (விருதுநகர்)

அவள் கேட்டது நியாயம்தானே. பூனையும் பந்தும் படம் போட்ட புத்தகத்தை அந்த வயதில் யார் தொடுவார்கள்? மொழிதான் எளிதாக இருக்க வேண்டும், விஷயம் அவள் வயதுக்கு இருக்க வேண்டும். அப்படிப்பட்ட புத்தகம் கடையில் கிடைப்பது கஷ்டம். அதனால் நான் நானே எழுத ஆரம்பித்தேன், எங்கள் ஊரைப் பற்றியே.

முதல் வாரம் ரேஷன் கடை. எந்தத் தெருவுக்கு எந்தத் தேதி, சர்வர் இழுத்துக்கொண்டால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், பாமாயில் எப்போது தீரும், எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. 150 சொல்லுக்குள் ஒரு பக்கம்: ஒரு பாட்டிக்கு மெஷினில் ரேகை விழவில்லை, வரிசையில் முணுமுணுப்பு, ஒரு பையன் கைக்குட்டையை நனைத்துக் கொண்டுவந்து பாட்டி விரலைத் துடைத்துவிடுகிறான். 'தம்ப் இம்ப்ரெஷன்', 'ரிஜெக்டட்', 'கிரம்பில்' என்று புதுச் சொற்கள் வந்தன. முணுமுணுப்பதைத்தான் 'கிரம்பில்' என்கிறார்கள் என்று நான் சொல்லித் தரவில்லை, ஒருத்தியே சொன்னாள். இதே அளவு எளிய இங்கிலீஷில் பனிச்சறுக்கு விளையாட்டு பற்றி ஒரு பக்கம் கொடுத்தபோது மூன்றாவது வரியில் படுத்துவிட்டார்கள். அந்தக் கடையின் இங்கிலீஷ் பெயர் 'ஃபேர் பிரைஸ் ஷாப்'. 'ஃபேர்' என்றால் என்ன என்று கேட்டேன். 'வெள்ளையா இருக்கிறது' என்றாள் ஒருத்தி, முகத்தில் பூசுகிற க்ரீம் கொடுத்த அறிவு. 'பஸ் டிக்கெட் காசு' என்றான் இன்னொருவன். அது சத்தம் ஒன்று, எழுத்து வேறு. சந்தைக்கும் அதே 'ஃபேர்'தான் என்று நான் சொன்னேன். 'நியாயமான' என்பது கடைசியில்தான் வந்தது, அதுவும் கிரிக்கெட்டில் 'நாட் ஃபேர்' என்று கத்துகிற பையனிடமிருந்து. ஒரு கடைப் பலகையிலிருந்து அரை மணி நேரம் ஓடியது.

எழுத முடியாதவர்கள் வீட்டில் கிடப்பதை எடுங்கள். ரேஷன் கார்டில் பி.எச்.எச். என்று மூன்று எழுத்து இருந்தால் அது 'ப்ரையாரிட்டி ஹவுஸ்ஹோல்டு'. கரண்ட் பில்லில் 'யூனிட்ஸ் கன்ஸ்யூம்டு', 'டியூ டேட்', 'அரியர்ஸ்'. முதல் 100 யூனிட் போக மீதி எவ்வளவு என்று அவளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கதைதான் வேண்டும் என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் 2015லிருந்து இருக்கிறது, இலவசம், பல கதைகள் தமிழிலும் இங்கிலீஷிலும் உண்டு. ஒன்றாம் இரண்டாம் நிலையைத் தொடாதீர்கள், மறுபடி 'பாப்பாவா' என்பாள். மூன்று, நான்கில் தேடுங்கள்.

நான் பதினொன்றாவது. பேப்பர் படி என்கிறார்கள், தலைப்பே புரியவில்லை. 'த்ரீ ஹெல்ட்' என்றால் மூன்று பேர் பிடித்தார்களா, பிடிபட்டார்களா மிஸ்? (திருநெல்வேலி)

பிடிபட்டார்கள் தம்பி, கைது. நடுவில் ஒரு 'வேர்' (were) இருந்திருக்க வேண்டும், இடம் மிச்சம் பிடிக்கத் தின்றுவிட்டார்கள். நம் பேப்பரிலும் 'மூவர் கைது' என்றுதானே போடுகிறார்கள், கைது செய்தார்களா செய்யப்பட்டார்களா என்று அங்கே நீ குழம்புவதில்லை. தலைப்புக்குத் தனி இலக்கணம் உண்டு. நேற்று நடந்ததை இன்று நடப்பது போல எழுதுவார்கள்: 'பஸ் ஹிட்ஸ் ட்ரீ' என்றால் மோதி முடிந்துவிட்டது. 'மினிஸ்டர் டு ஓப்பன் பிரிட்ஜ்' என்றால் இனிமேல்தான் திறக்கப் போகிறார், அந்தச் சின்ன 'டு'தான் எதிர்காலம். 'ப்ரோப்' விசாரணை, 'நாப்' பிடிப்பது, 'ரவ்' (row, எழுத்தில் 'ரோ' மாதிரியே இருக்கும்) என்று வந்தால் தகராறு. வரிசை இல்லை, படகு ஓட்டுவதும் இல்லை. இந்த மாதிரி இருபது சொல்லைத் தெரிந்துகொண்டால் பாதித் தலைப்பு திறந்துவிடும். காலையில் தமிழ்ப் பேப்பரில் உங்கள் மாவட்டச் செய்தியைப் படி, அதே செய்தியை இங்கிலீஷ் பேப்பரில் தேடு. தலையங்கப் பக்கத்தை இரண்டு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் டிக்ஷனரி பார்க்க வேண்டுமா?

வேண்டாம். பார்த்துக்கொண்டே இருந்தால் பக்கம் நகராது, கதையும் மறந்துவிடும். ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000ல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: பிறர் உதவியில்லாமல் வசதியாகப் புரிய வேண்டும் என்றால் நூற்றுக்கு 98 சொல் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். பத்துக்கு ஒன்று தெரியவில்லை என்றால் புத்தகம் கனம், மாற்றுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றாவது தடவையும் அதே சொல் வந்து வழியை மறித்தால் மட்டும் பாருங்கள்.

போனில் படம் பிடித்தால் முழுப் பக்கமும் தமிழில் வந்துவிடுகிறது, அது தப்பா?

அவசரத்துக்கு நல்லது. வாசிப்புப் பயிற்சிக்கு, பக்கத்து வீட்டுக்காரரைச் சாப்பிடச் சொல்லிவிட்டு நம் பசி தீர்ந்ததா என்று பார்ப்பது போல.

பள்ளியிலிருந்து வந்த சர்க்குலரில் 'யுவர் வார்டு' என்று இருந்தது, என் அக்கா ஆஸ்பத்திரி விஷயம் என்று பயந்துவிட்டார். இப்படி எழுதலாமா? (தருமபுரி)

'உங்கள் பொறுப்பில் உள்ள பிள்ளை' என்று அர்த்தம். பெற்றோர் இல்லாமல் தாத்தாவோ சித்தியோ வளர்க்கிற பிள்ளையும் இருப்பதால் அப்படிப் போடுகிறார்கள், ஆனால் 'யுவர் சைல்டு' என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. உங்கள் அக்கா பயந்ததில் ஆச்சரியமே இல்லை. கவுன்சிலர் வார்டு, ஆஸ்பத்திரி வார்டு, இப்போது பிள்ளையும் வார்டு.

ஊர் வாழ்க்கையில் புழங்குகிற இங்கிலீஷில் இந்த மாதிரி இரட்டை வேஷச் சொற்கள்தான் பிள்ளைகளை விழத்தட்டும், நீளமான சொற்கள் அல்ல. 'டெண்டர்' என்றால் இளநீரில் இளசு, பஞ்சாயத்தில் ஒப்பந்தப்புள்ளி. 'மினிட்ஸ்' என்றால் நிமிடங்கள், கிராம சபையில் கூட்டக் குறிப்பு. 'ஃபைன்' என்றால் நலம், ரயிலில் அபாயச் சங்கிலிக்குப் பக்கத்தில் அபராதம். சுவரில் 'ஸ்டிக் நோ பில்ஸ்' என்றால் மளிகைக்கடை பில்லை ஒட்டாதே என்று என் மாணவன் ஒருவன் விளக்கம் சொன்னான். அங்கே பில் என்பது போஸ்டர். ஒரு நோட்டில் இடதுபக்கம் தெரிந்த அர்த்தம், வலதுபக்கம் பார்த்த இடமும் புது அர்த்தமும் என்று எழுதச் சொல்கிறேன். பார்த்த இடத்தை எழுதுவது முக்கியம், இடம் ஞாபகம் வந்தால் அர்த்தமும் வந்துவிடும்.

வாக்கியம் இரண்டு வரிக்கு மேல் போனால் என் பெண் தொலைந்துவிடுகிறாள். ஒவ்வொரு சொல்லும் தெரியும், சேர்த்தால் தெரியவில்லை.

இது நம் எல்லோருக்கும் உள்ள சிக்கல். 'பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பூ விற்கிற அக்கா' என்று நாம் சொல்லும்போது அக்கா கடைசியில் வருவாள். இங்கிலீஷில் அக்கா முதலில் வந்து நிற்பாள், பிறகு 'ஹூ', பிறகு விற்பது, பூ, பஸ் ஸ்டாண்டு. பிள்ளை என்ன செய்கிறாள் என்றால் வாக்கியத்தின் கடைசி வரை ஓடி, அங்கிருந்து தமிழ் வரிசைக்குத் திருப்பிக்கொண்டு வருகிறாள், அதற்குள் பாதி கொட்டிவிடுகிறது. திருப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். வருகிற வரிசையிலேயே துண்டு துண்டாக வாங்கட்டும்: ஒரு அக்கா, யார்? விற்கிறவள், எதை? பூவை, எங்கே? பென்சிலால் துண்டுக்கு ஒரு சாய்கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு நின்று வாசிக்க வையுங்கள். எங்கள் குழுவில் ஒரு மாதம் போல ஆனதும் கோடு தேவைப்படவில்லை.

எழுதுவது ஒன்று சொல்வது ஒன்று, ரெசீட்டில் 'பி' (p) எதற்கு?

படித்தவர்கள் செய்த வேலை. 'டெட்' என்ற கடனில் 'பி'யும் (b) ரெசீட்டில் இன்னொரு 'பி'யும் (p) லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பின்னால் செருகப்பட்டவை, யாரும் அவற்றை உச்சரிக்கவில்லை. ஐலண்டில் 'எஸ்' அதைவிட மோசம், சம்பந்தமே இல்லாத லத்தீன் சொல்லோடு குழப்பிக்கொண்டு நுழைத்தது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், தப்பு தங்கள் மேல் இல்லை என்று தெரிந்தால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

'அவர் எக்ஸ்பயர்டு ஆகிவிட்டார்', 'மீட்டிங்கை ப்ரீபோன் செய்தார்கள்' (முன்தள்ளி வைத்தார்கள்) இதெல்லாம் தப்பு இங்கிலீஷா?

'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது, தாராளமாக எழுதலாம். 'எக்ஸ்பயர்டு' மனிதருக்கும் பழைய வழக்குதான், ஆனால் மருந்து டப்பாவில் அதைத் தினம் பார்க்கிற பிள்ளைக்குச் சிரிப்பு வரும், 'டைடு' (died) என்று எழுதுவது நல்லது. டப்பா என்றதும் ஒன்று: 'பெஸ்ட் பிஃபோர்' தேதி தாண்டினால் ருசி, மணம் குறைந்திருக்கலாம் என்று பொருள், 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' தாண்டினால் சாப்பிடக் கூடாது. மருந்தில் 'ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி' என்றால் மேலே பூச மட்டும். இந்த மூன்றையும் வாசித்து அர்த்தம் சொல்லத் தெரியாமல் எங்கள் குழுவிலிருந்து யாரையும் நான் விடுவதில்லை.

எங்கள் தெருவில் ஒரு வாசிப்புக் குழு ஆரம்பித்தேன். பெண் பிள்ளைகள் வருகிறார்கள், பையன்கள் இரண்டாவது வாரமே மாயம். (தன்னார்வலர், மதுரை)

எல்லோர் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொன்னீர்களா? சொல்லியிருப்பீர்கள். பதினாலு வயதுப் பையனுக்குப் பெண்கள் முன்னால் ஒரு சொல்லில் தடுக்கி விழுவதைவிட மைதானத்தில் கால் உடைவது மேல். இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசிக்க விடுங்கள். திருத்தாதீர்கள், வரி முடிகிற வரைக்குமாவது. நேரத்தை மாற்றிப் பாருங்கள், ஐந்து மணிக்கு வைத்தால் கிரிக்கெட் ஜெயிக்கும், ஏழு மணிக்கு வைத்தால் வருவார்கள். பாதிப் பக்கங்களை அவர்களே கொண்டுவரட்டும்: பைக் மேனுவல், கபடிப் போட்டி நோட்டீஸ், மொபைல் டப்பாவுக்குள் இருக்கிற சின்ன எழுத்துக் காகிதம். எங்களிடம் ஒருத்தன் டிராக்டர் பேட்டரியில் ஒட்டியிருந்த எச்சரிக்கையை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தான். 'கரோசிவ்' என்ற சொல்லை அவன்தான் மற்றவர்களுக்கு விளக்கினான், சட்டையில் ஆசிட் பட்டு ஓட்டை விழுந்ததைக் காட்டி.

கிராம சபை நோட்டீஸ் தமிழில்தானே வருகிறது, அதை வைத்து எப்படி இங்கிலீஷ்?

தமிழில் வருவதுதான் வசதி. வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஓரமாக நிற்க வையுங்கள். யார் தண்ணீர்த் தொட்டி பற்றிக் கேட்டார், யார் கத்தினார், எந்தத் தீர்மானம் நிறைவேறியது என்று பார்த்துவிட்டு வரட்டும். மறுநாள் அதைப் பத்து வரி எளிய இங்கிலீஷில் நீங்கள் எழுதிக் கொடுங்கள், நடுவில் வேண்டுமென்றே இரண்டு தப்புத் தகவல் வையுங்கள். என் அனுபவத்தில் அன்றைக்குத்தான் எல்லாரும் கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறார்கள், தலைவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று சண்டைக்கு வருவதற்காக.