காய்க்கும் தாழை ஏன் மணப்பதில்லை?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் எங்கள் வயலை ஒட்டிய வடிகால் வாய்க்காலில் பெரிய தாழம்புதர் இருக்கிறது. அன்னாசி போலக் காய்க்கிறதே தவிர, மணக்கும் மடல் ஒன்றுகூட வரவில்லை. பாம்பு அடையும் என்கிறார்கள். அழித்துவிடலாமா?

பதில்: அழிக்காதீர்கள். புதரில் குறை எதுவும் இல்லை, அது பெண் தாழை. தாழையில் ஆண், பெண் தனித்தனிச் செடிகள். வாசனை மடல் ஆண் செடியில்தான் வரும். உரம் வைத்தாலும் கவாத்து செய்தாலும் பெண் செடி அந்த மடலைத் தராது. ஆனால் கரையைப் பிடித்து நிறுத்துவதில் இரண்டும் ஒன்றுதான். தண்டிலிருந்து இறங்கும் தாங்குவேர்கள் அடைமழை வெள்ளத்திலும் மண்ணை விடுவதில்லை. உப்புக்காற்றையும் உவர்மண்ணையும் தாங்கி வளரும் இந்த மண்ணின் செடி அது. அதை வெட்டிய இடத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு புகுந்தால் வாய்க்காலே அடைபட்டுப்போகும்.

பூ வேண்டுமென்றால், மடல் விடுவதை நீங்களே கண்ணால் பார்த்த செடியின் பக்கக்கன்றை மட்டும் வாங்குங்கள். விதைக்கன்று எந்தப் பாலாக வரும் என்று பூக்கும்வரை தெரியாது. ஆடி, ஆவணியில் பத்தடி இடைவெளியில் நட்டு, வேர் பிடிக்கும்வரை தண்ணீர் விடுங்கள். கரைச்சரிவில் ஈரம் வேண்டும். ஆனால் இளங்கன்றின் தூர் நீரில் மூழ்கிக் கிடக்கக் கூடாது. ஒல்லியான வயல் வரப்பில் நடவே வேண்டாம், சில ஆண்டுகளில் நடக்கவே வழியிருக்காது. பூக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும்.

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இந்த மடலைக் காய்ச்சி வடித்து எடுக்கும் 'கேவ்டா ரூஹ்' என்ற வாசனை எண்ணெய்க்குப் புவிசார் குறியீடே உண்டு. அங்கே வடிசாலைகள் இருக்கின்றன. இங்கே பூச்சந்தையை நம்பித்தான் நட வேண்டும். உத்தரகோசமங்கை போன்ற விலக்குகள் தவிர, சிவன் கோயில்களில் தாழம்பூ சாத்துவதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பாம்பு மணத்துக்கு வருவதில்லை, எலிக்கும் தவளைக்கும்தான் வருகிறது. காய்ந்த ஓலைகளை ஆண்டுக்கொரு முறை கழித்து, அடிப்பகுதியில் வெளிச்சம் விழும்படி வையுங்கள். ஓலையின் இரு விளிம்பிலும் நடுநரம்பிலும் முள் உண்டு. முழுக்கைச் சட்டையும் நீண்ட காம்பு அரிவாளும் இல்லாமல் இறங்க வேண்டாம். கரை பொதுநிலமாக இருந்தால், புதிதாக நடும் முன் ஊராட்சியிலும் நீர்வளத்துறையிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.