கண்ணடிக்கும் முகம்

அன்புள்ள அண்ணனுக்கு,

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்து வண்ணாமடையிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். பிப்ரவரியில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடதுபக்கத் தாடை மூட்டுக்குக் கீழே எலும்பு உடைந்தது. கோயம்புத்தூரில் காதுமடலுக்குக் கீழே கீறி பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் பாதி முகம் அசையவில்லை. கண் முழுக்க மூடாது, சாயா குடித்தால் ஓரமாக ஒழுகும். ஐந்து மாதம் ஆகிறது. இப்போது வாயோரம் லேசாக அசைகிறது, ஆனால் சிரித்தாலும் மென்றாலும் இடது கண் தானாகச் சுருங்குகிறது. "நரம்புக்கு உயிர் வந்துருச்சு, பலூன் ஊது, சூயிங்கம் மெல்லு" என்கிறார் மாமியார். புறா ரத்தம் தேய்க்கச் சொல்லியும் ஆள் வந்தது. இது நல்லதுக்கா, கெட்டதுக்கா?

ஸ்டாஃப் ரூமில் எனக்குத் திமிர் வந்துவிட்டதாகப் பேச்சு. ஆவணியில் நாத்தனார் மகள் கல்யாணம். போகாமல் இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது. உங்களுக்கும் தாடை ஆபரேஷனில் இப்படி ஆனதாக முன்பு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த ஒரு வரியோடு தப்பித்துவிட்டதாக நினைத்திருந்தேன். பிடித்துவிட்டீர்கள்.

மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் கண். இது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். அதன் வழியாக வருகிற காற்றின் வாசலில்தான் நம் ஊர்கள் இருக்கின்றன. அம்மியையே தூக்கும் காற்று, மூடாத கண்ணை விட்டுவைக்குமா? முகம் கோணினால் "காத்து அடிச்சிருச்சு" என்பார் என் பெரியம்மா. உங்களுக்கும் எனக்கும் கத்திதான் காரணம், காற்று அதற்குப் பிறகு வந்தது. இமை மூடித் துடைக்காத கருவிழி காய்ந்து புண்ணாகும், புண் ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கும். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் கண் களிம்பு. படுக்கும்முன் இமையை விரலால் நன்றாக மூடிவிட்டுத்தான் பேப்பர் டேப் ஒட்ட வேண்டும். பாதி திறந்த கண்மேல் டேப் உரசினால் அதுவே புண்ணாக்கிவிடும். தூங்கும்போது வெள்ளைவிழி தெரிகிறது என்று வீட்டில் பயந்திருப்பார்கள். கருவிழி மேலே ஏறி ஒளிந்துகொள்வதுதான் அது, கண் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். புறா ரத்தக்காரரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

சரி, சிரித்தால் சுருங்கும் கண்ணுக்கு வருவோம். மாமியார் சொன்னது பாதி சரி. மூளையிலிருந்து நேரே கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் ஏழாவது, காதுக்குப் பின்னால் எலும்பில் உள்ள ஒரு துளை வழியாக வெளியே வந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து ஐந்து கிளையாகப் பிரிகிறது. நெற்றி, கண், கன்னம், கீழுதடு, கழுத்து என்று ஆளுக்கொரு கிளை. உங்களுக்குக் கீறிய இடம் இந்தப் பிரிவுக்கு மிகப் பக்கம். வெட்ட வேண்டும் என்றுகூட இல்லை, எலும்பு தெரிவதற்காகச் சதையை இழுத்துப் பிடித்தாலே நரம்பு நசுங்கலாம். உதடு மரத்துப்போவது வேறு கதை, அது தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் ஐந்தாம் நரம்பு. தாடை ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் அதிகம் பேருக்கு வரும். மரத்த உதடு அசையும். நம் உதடு அசையாது, ஆனால் எறும்பு ஊர்ந்தால் தெரியும்.

உள்ளிழை அறுந்த நரம்பு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். காதடியிலிருந்து வாயோரம் வரை கையால் அளந்து பாருங்கள், உங்கள் ஐந்து மாதக் கணக்கு புரியும். வளர்ந்து வருகிற இழைகளெல்லாம் பழைய வீட்டுக்கே போய்ச் சேர்வதில்லை. ஆழியாற்றுத் தண்ணீர் நமக்கு வரும்போது, மடை ஒழுங்காக அடைக்காவிட்டால் நெல்லுக்கு விட்டது பக்கத்துக்காரன் தோப்புக்குப் பாயுமே, அதுபோலத்தான். வாய்க்குப் போக வேண்டிய சில இழைகள் கண்ணுக்குப் போய்விட்டன. நீங்கள் சிரி என்கிறீர்கள், கண்ணும் கேட்டுக்கொள்கிறது.

அதனால் நரம்பு வந்துவிட்டது என்பது நல்ல செய்தி. பலூனும் சூயிங்கமும்தான் கூடாது. முழு பலத்தோடு முகத்தை இழுக்க இழுக்க, தப்பான மடையும் சேர்ந்து அகலும். கண்ணாடி முன் உட்கார்ந்து, கண் சுருங்கத் தொடங்குவதற்கு முன்னால் நிற்கும் அளவுக்கு மட்டும் வாயோரத்தைத் தூக்குங்கள். அரைச் சிரிப்புகூட இல்லை, கால் சிரிப்பு. முகவாதப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் மாதம் ஒருமுறை போனாலும் போதும். கண் ரொம்பத் தொல்லை செய்தால், தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி உண்டு. மூன்று நான்கு மாதம் தாங்கும், அப்புறம் மறுபடி போட வேண்டும். நடிகைகளுக்கு மட்டுமான சரக்கு என்று நானும் நினைத்திருந்தேன்.

டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆபரேஷனில் நரம்பைக் கண்ணால் பார்த்தீர்களா, அறுந்ததா, இழுபட்டதா? 1943-இல் ஹெர்பர்ட் செட்டன் என்ற பிரிட்டிஷ் சர்ஜன் நரம்புக் காயத்தை மூன்றாகப் பிரித்தார். இழை அறாமல் மின்னோட்டம் மட்டும் தடைபட்டது, உறை இருக்க உள்ளிழை அறுந்தது, முழுக்கத் துண்டானது. முதலாவது சில வாரங்களில் திரும்பும், இரண்டாவது மாதக்கணக்கில், மூன்றாவது தானாகத் திரும்பாது. உங்களுக்கு அசைவு வந்துவிட்டதால் மூன்றாவது இல்லை என்றே நினைக்கிறேன். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது ஆறு மாதமாகியும் துளி அசைவில்லை என்றால், "பொறுங்க" என்ற பேச்சைக் கேட்டு வருஷத்தைக் கடத்த வேண்டாம். நரம்பு வராமலே கிடக்கும் தசை, ஒன்று ஒன்றரை வருஷத்துக்குமேல் நரம்பு வந்தாலும் ஏற்றுக்கொள்வது கடினம்.

என் கதை 2011. சிறுவயதில் புளியமரத்திலிருந்து விழுந்து தாடை மூட்டு ஒட்டிப்போய், நாற்பது வயதில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது. இட்லியைப் பிய்த்துத் திணித்தே வளர்ந்தவன். காதுக்கு முன்னால் கீறி மூட்டைப் பிரித்துவிட்டார்கள். சில மாதம் கழித்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முழு போண்டாவைக் கடித்தேன். கடைக்காரர், "ஏன் சார், கண்ணடிக்கிறீங்க?" என்றார். வலது புருவம் அதற்குமுன்பே விழுந்திருந்தது, இன்றுவரை ஏறவில்லை. அந்த சர்ஜன்மேல் எனக்குக் கோபம் உண்டா என்று யாராவது கேட்டால், ஆங்கிலத்தில் இருந்த சம்மதப் படிவத்தை எனக்குத் தமிழில் படித்துச் சொல்லாததற்காக உண்டு. நரம்புக்காக இல்லை.

கண்ணடிப்பு எனக்குக் கொஞ்சம் அவமானத்தையும் வாங்கித் தந்தது. பால் சொசைட்டியில் கணக்கு எழுதும் பெண்ணைப் பார்த்துச் சிரித்தேன். மூன்றாம் நாள் அவருடைய அண்ணன் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், முதலில் தண்ணீர் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு பேரும் சிரித்தோம். நான் சிரித்தபோது கண் மறுபடி மூடியது. அவர் இன்னும் சிரித்தார்.

திமிர் என்று பேசுகிறார்களே, அதற்கு நான் கண்டுபிடித்த ஒரே மருந்து முந்திக்கொண்டு சொல்லிவிடுவது. நம் ஆட்கள் "மூஞ்சிக்கு என்னாச்சு?" என்று பஸ் ஸ்டாண்டிலேயே கேட்டுவிடுவார்கள், அது சுலபம். மலையாளிகள் நாலு நாள் பொறுத்து, ஐந்தாம் நாள் மெல்ல, "எந்தா, தேஷ்யமாணோ?" என்பார்கள். நமக்குக் கோபம் என்று நாலு நாளில் முடிவே கட்டியிருப்பார்கள். நான் அதற்குள் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன்: "ஆபரேஷன்ல நரம்பு அடிபட்டது, முகம்தான் இப்படி, நான் சந்தோஷமாத்தான் இருக்கேன்." கூச்சமாக இருக்கும். பத்துப் பேரிடம் சொன்னபின் தேய்ந்துவிடும். அதோடு முகம் செய்துவந்த சில வேலைகளை வாய்க்கு மாற்றிக்கொண்டேன். முன்பு சிரித்துவிட்டுப் போன இடத்தில் இப்போது "ரொம்ப நல்லா இருக்கு" என்று சத்தமாகச் சொல்கிறேன். வீட்டில் இது வரவேற்கப்பட்டது.

வகுப்புக்குப் பயப்படாதீர்கள். ப-வும் ம-வும் உதடு கூடிப் பிறக்கிற எழுத்துகள் என்பது இலக்கணம். அந்த இரண்டும்தான் இப்போது உங்களுக்கு அதிகம் தடுக்கும். அப்படித் தடுக்கும்போது இடது வாயோரத்தை விரலால் தாங்கிக்கொண்டு சொல்லுங்கள். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், கண்ணாடியைக் கொடுத்து உதட்டைச் சேர்க்காமல் "அப்பா, அம்மா" சொல்லச் சொல்லுங்கள். அன்றைய பாடம் முடிந்தது.

கல்யாணத்துக்குப் போங்கள். ஸ்கூட்டர் வேண்டாம், காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போங்கள், கைப்பையில் சொட்டு மருந்தும் கூலிங்கிளாஸும் இருக்கட்டும். போட்டோகிராபரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, உங்கள் வலதுபக்கம் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி நில்லுங்கள். அவர் "ஸ்மைல்" என்று கத்தினால் கால் சிரிப்பு போதும். பாயசத்தை இலையில் வாங்காமல் டம்ளரில் கேளுங்கள், வலதுபக்கமாகச் சாய்த்துக் குடிக்கலாம்.