காது இரைச்சல்: பரிசோதனைக்கு முன் தீர்ப்பு வேண்டாம்

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

காது கேளாமை பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பல காது இரைச்சலைப் பற்றியவை. ஊரும் தொழிலும் மாறினாலும், ‘ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்’ என்ற வரி ஏறத்தாழ எல்லாக் கடிதங்களிலும் இருந்தது. நான்கு கடிதங்களைச் சுருக்கி இங்கே தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 54. இளவயது முதல் விசைப்படகில் டிரைவராகத் தொழிலுக்குப் போகிறேன். சில ஆண்டுகளாக இரண்டு காதுகளிலும் ‘ஙொய்’ என்ற ஓசை ஓயாமல் கேட்கிறது. கரையில் இருக்கும் நாட்களில், இரவில் வீடு அடங்கிய பிறகு, தாங்க முடிவதில்லை. ஒரு மருத்துவரிடம் போனேன். காதைப் பார்க்காமலேயே, ‘வயசானா வரத்தான் செய்யும், இதுக்கு மருந்து கிடையாது, பழகிக்கங்க’ என்று சொல்லி மாத்திரை எழுதித் தந்தார். அதே சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிச் சாப்பிட்டு வருகிறேன், குறையவில்லை. வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. உண்மையிலேயே வழி இல்லையா? (ஒரு வாசகர், பாம்பன்)

பதில்: வழி இருக்கிறது, ஐயா. உங்களுக்குச் சொல்லப்பட்டது முழுப் பொய் அன்று. ஆனால் பாதிப் பதில். நெடுநாள் பேரொலியால் வந்த இரைச்சலை அடியோடு அகற்றும் மாத்திரை இன்றைக்கு இல்லை என்பது உண்மை. உங்களுடைய இரைச்சல் அந்த வகையைச் சேர்ந்ததுதான் என்று காதைப் பார்க்காமலும், கேட்கும் திறனை அளக்காமலும் எவராலும் சொல்ல முடியாது. இறுகிப்போன குறும்பி (காது அழுக்கு), நடுச்செவியில் சீழ், செவிப்பறையில் ஓட்டை, உயர் ரத்த அழுத்தம், ரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, சில மருந்துகள் ஆகியவையும் இரைச்சலைக் கொண்டுவரும். இவற்றுள் பல சரிசெய்யக் கூடியவை. ஆகவே ‘பழகிக்கொள்ளுங்கள்’ என்பது பரிசோதனைக்குப் பிறகு, பழகும் வழியையும் கற்றுத்தந்து சொல்லவேண்டிய சொல்.

முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். படகிலிருந்து இறங்கிய கையோடு போக வேண்டாம். எஞ்சின் சத்தத்தை விட்டுக் குறைந்தது 14 மணி நேரமாவது காது ஓய்ந்திருந்தால்தான் அளவு சரியாக வரும். பேரொலிக்குப் பின் காது சில மணி நேரம் தற்காலிகமாக மந்தப்பட்டிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்கு மிகவும் பொருத்தமானது. வலை பின்னவும் படகைப் பழுது பார்க்கவும் ஒதுக்கும் அந்த நாட்களில் காதுக்கும் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கும்படி, எஞ்சின் அருகில் நிற்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்குத் தூக்கமே கெட்டிருப்பதால் தடைக்காலம் வரை காத்திருக்காமல், படகு போகாத அடுத்த நாளிலேயே போய்விடுங்கள்.

அங்கே மருத்துவர் விளக்கு வைத்துச் செவிப்பறையைப் பார்ப்பார். ‘டியூனிங் ஃபோர்க்’ எனப்படும் அதிர்வுக் கவையைத் தட்டி நெற்றியிலும் காதுக்குப் பின்னும் வைத்துக் கேட்பார். அதன்பின் ‘ஆடியோகிராம்’ எனப்படும் கேட்டல் பரிசோதனை. சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்து, தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை ஒவ்வோர் ஒலியையும் மெல்லக் குறைத்துக்கொண்டே வருவார்கள். கேட்கும்போதெல்லாம் விரலை உயர்த்தவோ பொத்தானை அழுத்தவோ வேண்டும். முடிவில் ஒரு வரைபடம் கிடைக்கும். வலது காதைச் சிவப்பு வட்டங்களும் இடது காதை நீலப் பெருக்கல் குறிகளும் குறிக்கும். பேரொலியால் கெட்ட காதில் அந்தக் கோடு 4000 ஹெர்ட்ஸ் (ஹெர்ட்ஸ் என்பது சுருதியின் அளவு) அருகே பள்ளமாக இறங்கி, 8000இல் சற்று ஏறும். அதைப் பார்த்தாலே உங்கள் தொழில் தெரிந்துவிடும் என்று சொல்லுமளவுக்கு அது தெளிவான அடையாளம். வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டின் வரைபடத்தை அதனுடன் ஒப்பிட்டால்தான் காது மேலும் கெடுகிறதா என்பது தெரியும்.

இரைச்சல் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்வதே சிகிச்சையின் முதல் படி. உட்செவியில் ஒலியை நரம்புக்கு எடுத்துச் சொல்லும் நுண்ணிய மயிர்ச் செல்கள் காதுக்கு ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. மனிதர்களுக்கு அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. அவை அழிந்த சுருதிகளில் மூளைக்குச் செய்தி வராதபோது, மூளை தன் கேட்கும் கூர்மையைத் தானே கூட்டிக்கொள்கிறது. படகிலுள்ள வயர்லெஸ் செட்டில் எதிர்முனையின் குரல் தேய்ந்துபோய், நீங்கள் வால்யூமைத் திருகத் திருக இரைச்சல் மட்டும் பெருகுமே, ஏறத்தாழ அப்படித்தான் இது நிகழ்கிறது. உங்கள் மூளையில் புதிதாக எதுவும் வளரவில்லை. நரம்பு அறுந்து கொண்டிருக்கவும் இல்லை. பெரியவர்களில் 100 பேருக்கு 10 முதல் 15 பேர் இந்த ஓசையோடு வாழ்கிறார்கள்.

செவித்திறன் குறைந்திருப்பது உறுதியானால் காதொலிக் கருவி பொருத்திப் பார்க்கச் சொல்வார்கள். கூச்சப்பட்டு மறுத்துவிடாதீர்கள். வெளி ஒலிகள் மறுபடி போதிய அளவு உள்ளே வரத் தொடங்கினால், பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகிறது. கருவிக்கு அரசு உதவி உண்டா என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஆடியோகிராமைக் காட்டிக் கேளுங்கள்.

இரவைப் பற்றி. முழு அமைதி உங்களுக்குப் பகை. மின்விசிறியோ, தாழ்த்தி வைத்த ரேடியோவோ ஓடட்டும். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்குச் சத்தம் வேண்டாம். இரண்டும் சேர்ந்து கேட்கும்படி, இரைச்சலைவிடச் சற்றுக் குறைவாக வைத்தால்தான் மூளை அதைப் பொருட்படுத்தாமல் விடக் கற்றுக்கொள்ளும். தென்கடல் பக்கம் வீடிருந்து அலை காதில் விழுமானால், சன்னலைத் திறந்து வைப்பதே போதும். தூக்கம் வரவில்லை என்று புரண்டு கிடக்காமல் எழுந்து உட்கார்ந்து, ஏதாவது வேலை பார்த்துவிட்டு, கண் சொக்கும்போது படுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். அந்தப் பழக்கத்தை விடுவது இரைச்சலைவிடக் கடினமாகிவிடும்.

நீங்கள் தொடர்ந்து வாங்கும் மாத்திரையின் பெயரைக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அது பீட்டாஹிஸ்டின், தலைசுற்றலுக்குத் தருவது. தலைசுற்றல் இல்லாத வெறும் இரைச்சலுக்கு அதைத் தரவேண்டாம் என்று பிரிட்டனின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. ஜிங்கோ என்ற மூலிகை, துத்தநாகம், மெலடோனின் போன்றவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. அதே வழிகாட்டி, தொல்லை நீடிப்பவர்களுக்குப் பரிந்துரைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு: அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. ‘இனி என் வாழ்க்கை அவ்வளவுதான்’ என்று ஓசையோடு ஒட்டிக்கொண்டு வரும் எண்ணத்தைப் பிரித்தெடுத்து, அது உண்மைதானா என்று சோதித்து, உடலின் பதற்றத்தைத் தணிக்கப் பயிற்சி தருவது அது. ஓசையின் அளவு அப்படியே இருந்தாலும் தொல்லை குறைகிறது. இதற்காக மனநலப் பிரிவுக்கு அனுப்பினால், உங்களைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்களே என்று வருந்தாமல் போங்கள். உயிரே பாரம் என்று ஒரு கணம் தோன்றினாலும், எந்த நேரமானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

மிச்சமிருக்கும் செவித்திறனைக் காப்பது உங்கள் கையில் இருக்கிறது. 85 டெசிபல் ஒலியில் நாளுக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம்; ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பது தொழில்நல அறிஞர்களின் கணக்கு. 100 டெசிபலில் 15 நிமிடம்தான். அளக்கும் கருவி தேவையில்லை: கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் காதைக் கெடுக்கும் இடம். பஞ்சு அடைப்பதால் பயனில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை விரல்களுக்கிடையே மெல்லிய திரியாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே செலுத்தி, அது விரியும்வரை விரலால் அழுத்திக்கொண்டிருங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது வேலை செய்யாது. கரையில் அமைதியான இடத்தில் மட்டும் அதைப் போடாதீர்கள். இரைச்சல் பெரிதாகக் கேட்கும்.

கேள்வி: கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவள் நான். சளி பிடித்திருந்த சமயம் மூழ்கி எழுந்ததிலிருந்து இடது காது அடைத்துக்கொண்டு இரைகிறது; அந்தப் பக்கம் போன் பேசினால் கேட்பதில்லை; தலையும் சுற்றுகிறது. நான்கு நாளாகிறது. பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா? (ஒரு வாசகி, பாம்பன் அருகே)

பதில்: கடிதம் கிடைத்த அன்றே இந்தச் சகோதரியைத் தொலைபேசியில் அழைத்து, உடனே மருத்துவமனைக்குப் போகும்படி சொன்னோம். இதே நிலையில் இருக்கக்கூடிய மற்றவர்களுக்காக அச்சிலும் சொல்கிறோம்.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது அவசர நிலை. உட்செவி பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்டீராய்டு மருந்து தர வேண்டியிருக்கும். அது முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் அதிகம் பயன் தரும், இரண்டு வாரங்கள் கடந்துவிட்டால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ‘சளி இறங்கினால் சரியாகிவிடும்’ என்று காத்திருந்தே பலர் அந்தக் காலத்தை இழந்துவிடுகிறார்கள். மூழ்கியதால் வந்த பாதிப்பு என்றால் செவிப்பறை கிழிந்திருக்கலாம், உட்செவி நீர் கசியவும் செய்யலாம். அப்படிப்பட்ட காதில் எண்ணெயோ வேறெதுவோ ஊற்றுவது கிருமியை உள்ளே அனுப்புவதாகும். மருத்துவர் சொல்லும்வரை மறுபடி மூழ்கக் கூடாது. மூக்கை இறுக்கிப் பிடித்து ஊதவும் கூடாது.

குணமான பிறகும் ஒன்றை நினைவில் வைத்திருங்கள். தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினால் உடலின் மீதுள்ள அழுத்தம் இருமடங்காகிறது. அந்த மாற்றம் மேற்பரப்பை ஒட்டிய முதல் சில மீட்டர்களில்தான் காதைக் கடுமையாகத் தாக்குகிறது. ஆகவே ஆழம் குறைவுதானே என்று எண்ண வேண்டாம். வலி வருவதற்கு முன்பே, இறங்கத் தொடங்கும்போதே, எச்சில் விழுங்கியோ மூக்கைப் பிடித்து மெல்ல ஊதியோ காதைத் திறந்துகொள்ளுங்கள். திறக்காவிட்டால் மேலே வந்துவிடுங்கள். மூழ்கும்போது காதில் அடைப்பான் வைக்கக் கூடாது. சளி இருக்கும் நாளில் மரிக்கொழுந்துப் பாசிக்கு என்ன விலை சொன்னாலும் இறங்காதீர்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. வலது காதில் மட்டும் ‘தக் தக்’ என்று, நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்கிறதாம். அதுவும் சாதாரண இரைச்சல்தானா? (ஒரு வாசகர், கீழக்கரை)

பதில்: இல்லை. நாடியோடு சேர்ந்து துடிக்கும் ஓசை ரத்தக் குழாய்களோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்பதால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், ரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றைச் சோதித்து, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, செவிப்பறைக்குப் பின்னால் சிவந்த கட்டி தெரிகிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். ராமநாதபுரத்திலிருந்து மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினால் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். துடிப்பில்லாத இரைச்சலாக இருந்தாலும், ஒரே காதில் மட்டும் இருந்து அந்தக் காதின் செவித்திறனும் குறைந்திருந்தால் செவி நரம்பில் கட்டி இல்லை என்பதை உறுதி செய்ய எம்.ஆர்.ஐ. எடுப்பது வழக்கம், பெரும்பாலோருக்குக் கட்டி எதுவும் இருப்பதில்லை. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

கேள்வி: என் தம்பி காதில் சத்தம் கேட்கிறது என்கிறான். மனநோய் என்று சொல்லி, தர்காவில் தங்க வைக்கும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். காசநோய்க்கு அவன் ஊசி போட்டு வருகிறான். என்ன செய்வது? (ஒரு வாசகி, ஏர்வாடி அருகே)

பதில்: அவர் கேட்பது பேச்சா, வெறும் ஓசையா என்று அமைதியாகக் கேளுங்கள். யாரோ திட்டுவது போலவோ கட்டளையிடுவது போலவோ குரல் கேட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். விசில், இரைச்சல், ரீங்காரம் என்றால் அது காதின் கோளாறு. அதற்காக ஒருவரை மனநோயாளி என்று முத்திரை குத்துவது பெரும் அநீதி. தொழுவதும் நேர்ந்துகொள்வதும் உங்கள் விருப்பம். அவை மருத்துவத்துக்குத் தடையாக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்குக் கவலை தருகிறது. காசநோய்க்குத் தரும் அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகள் உட்செவியைக் கெடுக்கக் கூடியவை, அந்தக் கேடு பெரும்பாலும் மீளாதது, இரைச்சலே அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். நாளைக் காலையிலேயே காசநோய்ப் பிரிவு மருத்துவரிடம், அடுத்த ஊசி போடுவதற்கு முன் இதைச் சொல்லுங்கள். நீங்களாக ஊசியையோ மாத்திரைகளையோ நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறிவிடக்கூடும். கேட்டல் பரிசோதனை செய்து பார்த்து, தேவையென்றால் மருந்தை மாற்ற அவர்களால் முடியும். சிகிச்சை அட்டை, மருந்துச் சீட்டுகள், இரைச்சல் தொடங்கிய நாள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அங்கே முதலில் தம்பியைப் பேச விடுங்கள். அவர் சொல்ல மறந்ததை மட்டும் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.