பராக்காவுக்குக் கீழே

கேள்வி: வங்கதேசத்தில் இந்தியாவின் மீது மனத்தாங்கல் எழும்போதெல்லாம் பராக்கா என்ற பெயர் அடிபடுகிறதே, ஒரு தடுப்பணைக்கு ஏன் இத்தனை அரசியல்?
– மயிலாடுதுறை வாசகர்

பதில்: மேற்கு வங்கத்தில், வங்கதேச எல்லைக்குச் சுமார் 18 கிலோமீட்டர் மேலே கங்கையின் குறுக்கே நிற்கும் பராக்கா, பாசனத்துக்காகக் கட்டப்பட்டதன்று. வண்டல் படிந்து தூர்ந்துகொண்டிருந்த கொல்கத்தா துறைமுகத்தைக் காப்பாற்ற, விநாடிக்கு 40,000 கன அடி நீரைக் கால்வாய் வழியே ஹூக்ளி ஆற்றுக்குத் திருப்பிவிடும் நோக்கத்தோடு எழுப்பப்பட்டு, 1975இல் இயங்கத் தொடங்கியது. மழைக்காலக் கங்கைக்கு இந்த அளவு ஒரு பொருட்டே அல்ல. ஏப்ரல் கடைசியில் ஆற்றில் வருவதே 55,000 கன அடி என்றுதான் இரு நாடுகளுக்கும் இடையிலான 1977 நீர்ப்பங்கீட்டு உடன்பாடு கணக்கிட்டது. அப்போது 40,000 என்பது ஆற்றின் பெரும்பகுதி.

அந்த இழப்பு முதலில் தெரிந்தது கொராய் ஆற்றில். கங்கையிலிருந்து பிரிந்து தென்மேற்கு வங்கதேசத்துக்கு நன்னீர் கொண்டுசெல்லும் அந்த ஆறு, பிரியும் இடத்திலேயே கோடையில் மணல்மேடிட்டது. எதிர்த்துத் தள்ள ஆற்றுநீர் இல்லாததால் குல்னா பகுதியில் உப்புநீர் உள்ளேறியது. உப்பேறிய வயல் என்ன ஆகும் என்பதை வேதாரண்யத்து உழவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1976 மே மாதத்தில் முதுபெரும் தலைவர் மௌலானா பாஷானி, ராஜ்ஷாஹியிலிருந்து பராக்காவை நோக்கிப் பெருந்திரளோடு நெடும்பயணம் புறப்பட்டார். அதே ஆண்டு வங்கதேச அரசு ஐ.நா. பொதுச்சபையில் முறையிட்டது.

கேள்வி: 1996இல் ஒப்பந்தம் ஆகிவிட்டதே, பிறகும் ஏன் தீரவில்லை?
– ஈரோடு வாசகர்

பதில்: இரு நாட்டுப் பிரதமர்களான தேவகவுடாவும் ஷேக் ஹசீனாவும் 1996 டிசம்பர் 12 அன்று கையெழுத்திட்ட 30 ஆண்டு ஒப்பந்தம், ஜனவரி முதல் மே வரை நீரைப் பத்துப் பத்து நாள்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. வரத்து 70,000 கன அடி அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆளுக்குப் பாதி. 75,000 வரை வங்கதேசத்துக்கு 35,000. அதற்கு மேல் இந்தியாவுக்கு 40,000, மிச்சம் அவர்களுக்கு. நேர்மையான பங்கீடுதான். ஆனால் அளவுகோல் நிற்பது பராக்காவில். அதற்கு மேலே உத்தரப் பிரதேசமும் பீகாரும் எடுத்ததுபோக வந்து சேரும் நீரைத்தான் இரு நாடுகளும் பங்கிடுகின்றன. 1949 முதல் 1988 வரையிலான சராசரி வரத்தைக் காக்க இந்தியா எல்லா முயற்சியும் எடுக்கும் என்ற வாசகம் இருந்தும், அது குறைந்தால் யார் ஈடு செய்வது என்பதற்கு அதில் விடையில்லை.

வண்டலுக்கோ பங்கீடே கிடையாது. தடுப்பணைக்கு மேலே மணல் சேரச் சேர ஆறு பக்கவாட்டில் கரையை அறுத்து, மால்டா மாவட்டத்தில் வீடுகளையும் வயல்களையும் கொண்டுபோகிறது. 2016 வெள்ளத்தின்போது பராக்காவை அகற்றவே வேண்டும் என்று கேட்டவர் வங்கதேசத்தவர் அல்லர், பீகார் முதல்வர் நிதிஷ் குமார். முட்டையிட ஒரு காலத்தில் அலகாபாத் வரை எதிரேறிய ஹில்சா மீன், அணைக்கு மேலே அருகிப்போனது.

ஒப்பந்தக் காலம் 2026 டிசம்பரில் முடிகிறது. அடுத்த உடன்பாட்டில் மேல்மாநிலங்களின் நீர்க்கணக்கும் வண்டல் கணக்கும் இடம்பெற வேண்டும் என்பதோடு, மேற்கு வங்க அரசு தொடக்கத்திலிருந்தே பேச்சில் இருக்க வேண்டும் என்றும் நான் உறுதியாக எண்ணுகிறேன். 1996இல் மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதிபாசு துணைநின்றதால் கங்கை ஒப்பந்தம் நிறைவேறியது. 2011இல் அப்போதைய முதல்வர் மம்தா பானர்ஜி மறுத்ததால், பிரதமர் மன்மோகன் சிங் டாக்கா சென்றும், இரு நாடுகளிலும் ஓடும் தீஸ்தா ஆற்றுக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை.