வரவேற்பறை வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்

கேள்வி: எனக்கு 43 வயது. பத்து வயதில், மரத்துப்போவதற்கு முன்பே எனக்குப் பல்லைப் பிடுங்கினார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதன்பின் பல் மருத்துவரிடம் போனதே இல்லை. இப்போது கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை. இரண்டு முறை கன்னம் வீங்கி, மருந்துக்கடை மாத்திரையில் சமாளித்தேன். போன வாரம் கிளினிக் வரவேற்பறை வரை போய், மெஷின் சத்தம் கேட்டதும் திரும்பி வந்துவிட்டேன். மயக்கம் கொடுத்துச் செய்யலாம் என்கிறார்கள். திரும்ப எழுந்திருப்பேனா என்று அதற்கும் பயம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பலமாகக் குறட்டை விடுவதாக வீட்டில் சொல்கிறார்கள்.
- பெயர் வேண்டாம், கரூர்

பதில்: சகோதரி, பத்து வயதுப் பிள்ளையைப் பிடித்து அமுக்கிப் பல் எடுத்தது தவறு. அந்த உடம்பு இன்றுவரை அதை மறக்கவில்லை, அவ்வளவுதான். இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"மயக்கம்" என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நீங்கள் பயப்படுவது ஆபரேஷன் தியேட்டரில் கொடுக்கும் முழு மயக்கத்துக்கு. ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை செய்ய அது பெரும்பாலும் தேவையே இல்லை. ஒத்துழைக்க முடியாத சின்னக் குழந்தைகள், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள், பெரிய தாடை அறுவை போன்றவற்றுக்குத்தான் அதை வைத்திருக்கிறோம். உங்களுக்குத் தேவை பதற்றத்தை மட்டும் தணிக்கிற லேசான மயக்கம். அதில் நீங்கள் விழித்தே இருப்பீர்கள். "வாயைத் திறங்க" என்றால் திறப்பீர்கள். மூச்சு தானாகவே ஓடும்.

அதிலும் நான் உங்களுக்கு முதலில் யோசிப்பது சிரிப்பு வாயுவைத்தான். நைட்ரஸ் ஆக்சைடை ஆக்சிஜனோடு கலந்து, மூக்கின் மேல் வைக்கும் சின்ன மாஸ்க் வழியாகக் கொடுப்பார்கள். பல் மருத்துவத்துக்கு இது புதிதல்ல. 1844 டிசம்பரில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் இந்த வாயுவை முகர்ந்துகொண்டு தன் பல்லையே சக மருத்துவரை வைத்துப் பிடுங்கச் செய்தார். சில நிமிடங்களில் உடம்பு இலேசாகும், விரல் நுனிகள் கூசும், மெஷின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருக்கும். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். பிடிக்கவில்லை என்றால் உடனே குறைக்கலாம். முடிந்ததும் ஐந்து நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். கடுமையான சளியில் மூக்கு அடைத்திருந்தால் மட்டும் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள், வாயு உள்ளே போகாது. வைட்டமின் பி12 குறைபாடு இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைவதுண்டு; உங்கள் சர்க்கரை மாத்திரை எது என்று பாருங்கள்.

எல்லா கிளினிக்கிலும் இந்தக் கருவி இருக்காது. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்தது மாத்திரை. டயஸிபாம் வகை மருந்தை ஒரு மணி நேரம் முன்பே கொடுப்பார்கள். நல்ல வழிதான், ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. காரணம், குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, பகலில் தூக்கம் தள்ளுகிறதா? அப்படியென்றால் இந்த மருந்துகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி மூச்சுப் பாதையைக் குறுக்கிவிடலாம். நரம்பில் மிடஸோலம் என்ற மயக்க மருந்தை ஏற்றும் முறைக்கும் இதே எச்சரிக்கைதான். அதைச் செய்வதானால் மயக்க மருந்து நிபுணர் அருகில் இருந்து, விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி மாட்டி, அவசரத்துக்கு ஆக்சிஜனும் தயாராக வைத்துத்தான் செய்ய வேண்டும். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், அன்று சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். வீட்டிலிருக்கும் யாருடைய தூக்க மாத்திரையையும் தைரியத்துக்காகப் போட்டுக்கொண்டு போகவே கூடாது.

இன்னொன்று. இந்த லேசான மயக்கம் பயத்தைக் குறைக்கும், வலியை முழுசாக எடுக்காது. மரப்பு ஊசி எப்படியும் வேண்டும். சீழ் பிடித்த இடத்தில் திசு அமிலமாக இருப்பதால் அந்த ஊசி சரியாக வேலை செய்யாது. பத்து வயதில் உங்களுக்கு நடந்தது இதுவாகவும் இருக்கலாம். அதனால் முதலில் சீழை வடித்து வீக்கத்தை அடக்கிவிட்டு, பிறகு சிகிச்சையை ஆரம்பிக்கலாமா என்று கேளுங்கள். ஊசிக்கு முன் ஈறில் மரப்பு ஜெல் தடவச் சொல்லுங்கள். ஊசி போட்டதும் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடத்தால் மிரள வேண்டாம்; மருந்தில் கலந்திருக்கும் அட்ரினலின் அப்படித்தான் செய்யும்.

முதல் நாள் பேச மட்டும் வருவதாகச் சொல்லி நேரம் வாங்குங்கள். இந்தக் கடிதத்தையே மருத்துவரிடம் காட்டுங்கள். "இடது கையைத் தூக்கினால் நிறுத்துவீர்களா?" என்று கேளுங்கள். சரி என்று சொல்லி, கையைத் தூக்கியதும் உண்மையிலேயே நிறுத்துகிறவரிடம் மட்டும் சிகிச்சை எடுங்கள். சிகிச்சை நாளில் காலை நேரத்தையே கேளுங்கள், நாள் முழுக்க நினைத்து நினைத்துப் பயப்பட வேண்டாம். வீட்டில் ஒருவரைக் கூட்டிப்போங்கள். மாத்திரையோ நரம்பு ஊசியோ போட்டிருந்தால் மறுநாள் வரை வண்டி ஓட்டாதீர்கள்.

அதற்குள் கன்னம் மறுபடி வீங்கி, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ கஷ்டமானாலோ, அது சீழ் பரவுவதன் அடையாளம். அன்றே, இரவானாலும், பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.