சின்ன மண்டபத்தில் பாடும்போது மைக் கூவாமலிருக்க ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

யாழ்ப்பாணத்தில் உங்கள் ஊர் சனசமூக நிலைய மண்டபம், பாடுபவருக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர், கொஞ்சம் கூட்டினாலே கூவுது என்கிறீர்கள். கூவாமல் என்ன செய்யும்? ஸ்பீக்கரில் வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய்ப் பெருகிக்கொண்டே இருக்கிறது.

இரண்டையும் மைக்குக்கு முன்னால், சபைப் பக்கமாகக் கொண்டுவந்து இரு கரையிலும் வையுங்கள். ஸ்டாண்டில் ஏற்றி, கதிரைகளில் இருப்பவர்களின் தலைக்கு மேலால் பின்வரிசையைப் பார்க்கச் சற்றே கீழே சரிக்க வேண்டும். தரையில் வைத்தால் முன்வரிசைக்குக் காதடைக்கும், பின்னுக்குச் சொல் விளங்காது. மூலைக்குள் தள்ளவும் வேண்டாம். அடித்தொனி ஊதி, மிருதங்கம் வெறும் கும்மென்று கேட்கும்.

பாடுபவர் தன் குரலைக் கேட்க அவர் பக்கம் திருப்பி வைக்கும் ஸ்பீக்கரான மொனிட்டரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும் சாதாரண கார்டியோயிட் மைக் தன் வாலுக்கு (வயர் செருகும் முனைக்கு) நேர் பின்னால் மிகக் குறைவாகக் கேட்கும். மொனிட்டர் அங்கே இருக்கட்டும். முன்பக்கம் இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியோயிட் என்றால் நேர் பின்னால் அல்ல, வாலிலிருந்து ஏறக்குறைய 55 பாகை பக்கமாக.

அப்புறம், மைக் வாய்க்குக் கிட்ட வரவேண்டும். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும், ஸ்பீக்கரைத் தொடவே தேவையில்லை. சீமெந்துச் சுவரும் ரைல்ஸ் தரையும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். யன்னல்களைத் திறந்து, பின்சுவரில் தடித்த திரை போடுங்கள். இவ்வளவு சின்ன இடத்தில் வயலினுக்கு மைக் எதற்கு என்பது என் அபிப்பிராயம். திறந்திருக்கும் (ஓனில் இருக்கும்) மைக்குகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் கூவாமல் கூட்டக்கூடிய அளவு 3 டெசிபெல் குறையும்.